பத்துக்கு ஆறு

சனிக்கிழமை காலையில் மகளுடைய புத்தகங்களைத் துடைப்பது மெக்கானிக்கின் வேலை. ஒட்டடை அடிக்கச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற மனுஷன், இந்த அலமாரிக்கென்று மட்டும் பழைய பனியன் ஒன்றைத் துவைத்து மடித்துத் தனியாக வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு மாங்கா புத்தகங்கள், எல்லாம் ஜப்பான் படக்கதை. ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைத் துடைத்து, முதுகைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. புத்தகங்கள் அவளோடு போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

"இந்தப் பொம்மைப் புத்தகத்துக்குக் கிடைக்கிற மரியாதைல கால்வாசி எனக்குக் கிடைச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்பாள் மனைவி, கூடத்தைப் பெருக்கிக்கொண்டே.

"நீயும் ஏறி வரிசைல நில்லு. துடைச்சு விடுறேன்."

"ஆமா, நின்னுட்டாலும். எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் முப்பத்தோரு வருஷமாக வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். மெஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, பேரிங் போயிருக்கிறதா, நாலு காலில் ஒரு கால் மட்டமில்லையா என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல ஊரில் இன்னும் நாலைந்து பேர் உண்டு. ஆனால் மெஷினைத் திறந்து போட்டுவிட்டு, வீட்டிலிருப்பவர்களிடம் "உங்களுக்கு அழணுமா, சிரிக்கணுமா, இல்ல நிம்மதியாத் தூங்கணுமா?" என்று கேட்கிற மெக்கானிக் அவர் ஒருவர்தான். சொல்கிற பதிலைப் பொறுத்து எந்த ஜப்பான் அனிமே தொடரைப் பார்க்கலாம், எந்த மாங்கா படிக்கலாம் என்று சொல்வார். கார்ட்டூன் மெக்கானிக் என்று பெயரே விழுந்துவிட்டது.

"கார்ட்டூனா? எனக்கு நாப்பத்தாறு வயசுண்ணா" என்றாள் ஒரு வீட்டுக்கார அம்மா. அவர் அப்போது அவள் மெஷினின் பம்பைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த ஹேர்பின்னை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"கார்ட்டூன்னு சொல்லாதீங்கம்மா, எம் பொண்ணு காதுல விழுந்தா சண்டைக்கு வருவா. உங்களுக்கு சண்டை வேணாம், சத்தம் வேணாம், அப்படித்தானே? ரெண்டு அக்கா தங்கச்சி. மலை மேல ஒரு ரயில்வே ஸ்டேஷன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரயில். அவ்வளவுதான் கதை. இருபது நிமிஷத்துல கண்ணு சொருகும்."

பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பெண்ணுக்கு, வரிசையாகப் பதினோரு போட்டியில் தோற்கிற பள்ளிக்கூடத்துக் கயிறு இழுக்கும் அணியின் கதை. ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்து மருமகளிடம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவருக்கு, துப்பறிகிற பல் டாக்டர்: "நீங்க கொலைகாரனைக் கண்டுபிடிங்க சார், வீட்டுல உள்ளவங்களை விட்டுடுங்க." காதல் கதை கேட்பவர்களிடம், முடிய எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார், கையைப் பிடிக்கவே நாற்பது எபிசோட் ஆகும். செத்துப்போய் வேறு உலகத்தில் பிறக்கிற கதைகளைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். "அங்க போயும் அவன் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். அதுக்கு எதுக்கு சாகணும்?" ரோபோ கதைகள் மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. "சின்ன வயசுல பாத்துடணும். இப்பப் பாத்தா, இத்தனை பெரிய மெஷினுக்கு யார் சர்வீஸ் பண்றதுன்னுதான் தோணுது."

எல்லாம் சரியாகப் பொருந்தியது என்று சொல்ல முடியாது. இல்லாத மாடியில் போய் நிற்கிற லிஃப்ட்டைப் பற்றிய பேய்க்கதையை, கணவன் வெளியூரில் வேலை பார்க்கிற ஒருத்திக்குச் சொல்லிவிட்டார். மறுநாளே போன் வந்தது. "அண்ணா, மெஷின் நல்லா ஓடுது. எனக்குத்தான் தனியா பாத்ரூம் போக முடியல."

இதெல்லாம் மகள் போட்ட பிச்சை என்று அவரே சொல்வார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மெஷினுக்குள் கனத்துக்காக வைத்திருக்கும் கான்கிரீட் கட்டை அவர் காலில் விழுந்து இரண்டு விரல் நொறுங்கியது. ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். இதைக் கொண்டா, அதை எடு என்று வீட்டையே இரண்டாக்கினார். பதின்மூன்று வயது மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாங்காவைக் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். "இதைப் படிங்க. படிக்கிற வரைக்கும் பேசக்கூடாது."

அரை மணி நேரம் கழித்து அவர் சத்தம் போட்டார். "என்னம்மா கதை இது? முதல் பக்கத்துலயே ஹீரோ செத்துட்டான். அப்புறம் பேசிக்கிட்டுத் திரியுறான். கடைசில பள்ளிக்கூடம் சேருறான்!"

மகள் வந்து பார்த்தாள். ஜப்பான் வழக்கப்படி வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய புத்தகத்தை அவர் இடப்பக்கத்திலிருந்து படித்து முடித்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஒருவர் சொல்வதை மற்றவர் பார்க்க வேண்டும், அல்லது படிக்க வேண்டும். முடித்ததும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவர் தன்னுடைய மார்க்கையெல்லாம் சர்வீஸ் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்தார்: கயித்துப் பசங்க, பல் டாக்டர், ஸ்டேஷன் அக்கா.

அப்பாவும் மகளும் மனசில் இருப்பதை நேருக்கு நேர் பேசிப் பழகியவர்கள் இல்லை. அதற்குத்தான் இந்தக் கதைகள் இருந்தனவே. அவளுடைய பிறந்த நாளை அவர் மறந்த வருஷம், எல்லாவற்றையும் மறந்துபோகிற ஒரு சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னாள். இரண்டாவது எபிசோடிலேயே விஷயம் புரிந்து, அவர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா, அதாவது மனைவியின் அக்கா, ஒரு வரனைக் கொண்டுவந்தபோது வீட்டில் யாருக்கும் வாயைத் திறந்து பதில் சொல்லாத பெண், அப்பாவுக்கு மட்டும் ஒரு கலகலப்பான காதல் கதையைப் பார்க்கச் சொன்னாள். அவர் மனைவியிடம் போய், "அவளுக்குச் சம்மதம்" என்றார்.

"உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்ன மாதிரிதான்."

கல்யாணமாகி ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்துக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து செய்தி வந்துவிடும். ஒரு பெயர், அவ்வளவுதான். முதல் வருஷம் சமையல் போட்டி, கயித்துப் பசங்களின் இரண்டாம் பாகம், ஒரு பூனையின் கதை. இரண்டாம் வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பேய்க்கதைகள். ஒரே வீட்டுக்குள் நடக்கிற கதைகள். "உங்க பொண்ணு ரசனை எங்கயோ போயிடுச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அந்த வருஷம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ரயில் நிலையத்துக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். மகள் இளைத்திருந்தாள். அன்று காலையிலிருந்து மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. "நான்தான் வச்சிருப்பேன்" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கூரியரில் பார்சல் வந்தது. நாலு புத்தகம். கூடவே செய்தி: "இதைப் புத்தகமாவே படிங்கப்பா. சீக்கிரம் படிச்சிட்டு மார்க் சொல்லுங்க."

சீக்கிரம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு தம்பதியின் கதை. கணவன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. தினம் அவளுடைய பொருள் ஒன்றை ஒளித்து வைக்கிறான். சீப்பு, செருப்பு, அவளுக்கு வந்த கடிதம். அவள் தேடுவதை உட்கார்ந்து பார்க்கிறான். பிறகு தானே கண்டுபிடித்துக் கொடுத்து, உனக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று தலையைத் தடவுகிறான். நாலாவது புத்தகத்தில் அவள் ஒரு பெட்டியோடு மழையில் கிளம்பிப் போய் அப்பா வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டுகிறாள். கடைசிப் பக்கம் முழுக்க அந்தக் கதவுதான். திறந்ததா இல்லையா என்று கிடையாது.

அந்த வாரம் மெக்கானிக்குக்குத் தலைக்கு மேல் வேலை. மழைக்காலம், ஊரில் பாதி மெஷினுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. வீடு வீடாகப் போகிற இடைவெளியில்தான் படித்தார். மூன்றாவது புத்தகத்தில், அந்தப் பெண் சமையலறை டப்பாக்களையெல்லாம் தரையில் கொட்டித் தன் மோதிரத்தைத் தேடுகிற இடத்தில், அவருக்கு ஃபிரிட்ஜின் மேல் இருந்த மூக்குக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு வந்து உட்கார்ந்து மீதியை மளமளவென்று புரட்டி முடித்தார்.

மார்க்கை ஒரு வீட்டின் பால்கனியில், மெஷினில் தண்ணீர் நிரம்பக் காத்திருந்தபோது, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடித்தார்.

"பத்துக்கு ஆறு. படம் பிரமாதம். ஆனா அவ இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம். சும்மா சும்மா அப்பா வீட்டுக்கு வந்து நின்னா அந்தப் பெரியவர்தான் என்ன பண்ணுவார்?"

உடனே பதில் வந்தது. "சரிப்பா."

அடுத்த ஞாயிறு செய்தி இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார். சிரிக்கிற மாதிரி ஒன்றை அவர் சொல்லி அனுப்பினார். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, பதில் இல்லை. நாலாவது வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க. அவ அங்க வந்தாளா?"

"இல்லையே. ஏன்?"

"ரெண்டு நாளாச்சு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குத்தான் கொஞ்ச நாளாவே மறதி. எல்லாத்தையும் தொலைச்சிடுறா. சாவி, பர்ஸ். போன மாசம் சர்டிபிகேட் பூராவும் காணோம்னு ஒரே அழுகை. நான்தான் பரண் மேலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். பாவம் மாமா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவ்வளவு பணிவான குரல். மெக்கானிக் போனை வைத்துவிட்டு அந்த நாலு புத்தகத்தையும் தேடி எடுத்தார். மனைவி ஈரத்துணி வாளியோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"யாரு போன்ல? என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். நாலு புத்தகத்தைப் பற்றியும் சொன்னார். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன எழுதுனீங்க? காட்டுங்க."

காட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலாம்.

"ஆறு மார்க்கா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் எங்கே என்பது மறுநாள் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் போன் செய்தாள். வேறொரு ஊரில், கூடப் படித்த தோழி வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்திலேயே வேலை கிடைத்திருந்தது. பெண்கள் விடுதியில் இடம். யாரும் கவலைப்பட வேண்டாம். அம்மாவிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்றால், பெரியம்மா கொண்டுவந்த வரன். அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றுபோகும் என்று பயந்தாள். "அக்கா கிடக்கா, அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று இந்தப் பக்கம் மனைவி அழுதாள். மெக்கானிக் பக்கத்திலேயே நின்றார். போன் அவர் கைக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனைவி மட்டும் பஸ் ஏறிப் போனாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த நாலு புத்தகத்தையும் உட்கார்ந்து படித்தாள். யாரும் சொல்லித் தராமலே வலப்பக்கத்திலிருந்து திருப்பினாள்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே கிளம்பியிருப்பேன்" என்றாள், கடைசிப் புத்தகத்தை மூடி.

"கதைன்னு நினைச்சேன்."

"அவ என்னிக்கு உங்களுக்கு வெறும் கதை சொல்லியிருக்கா?"

திரும்பி வந்ததும் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார். "எப்படி இருக்கா?"

"இருக்கா. நல்லாச் சாப்பிடுறா. வேலைக்குப் போறா. நாலு பேர் ஒரு ரூம்ல."

"என்னைக் கேட்டாளா?"

"சுகர் மாத்திரை ஒழுங்காப் போடுறாரான்னு கேட்டா."

"வேற?"

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இப்ப வரவேணாம்னு சொல்லச் சொன்னா."

மெக்கானிக் வேலைக்குப் போனார், வந்தார். ஒரு வீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஆசையோடு ஓடி வந்து, "அங்கிள், இந்த வாரம் எனக்கு என்ன?" என்று கேட்டாள். அவர் மெஷினுக்குப் பின்னால் குனிந்து குழாயை முறுக்கிக்கொண்டே இருந்தார். "எனக்கு அதெல்லாம் அவ்வளவாத் தெரியாதும்மா" என்றார். அந்தப் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தபோதெல்லாம் எடுத்து, "அவ வரமாட்டா" என்று சொல்லி வைத்தார்.

இரண்டு மாசம் கழித்துத்தான் வரச் சொல்லி அனுமதி வந்தது, அதுவும் மனைவி மூலமாக. ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு மேல், ஒரு மணி நேரம்.

விடுதியின் பார்வையாளர் அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, அதன்மேல் கயிற்றில் கட்டிய பேனாவோடு ஒரு பதிவேடு. யாரைப் பார்க்க, என்ன உறவு, எத்தனை மணிக்கு என்று கட்டம் கட்டமாக இருந்தது. உறவு என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டு தரையை உதைத்தது. ஒரு கால் மட்டமில்லை. எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. ஆண்கள் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

மகள் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது, ஆனால் யாரோ போலவும் இருந்தது.

"ரொம்ப நேரமாச்சாப்பா வந்து?"

"இப்பத்தாம்மா. பஸ்ல கூட்டமே இல்ல."

"அம்மா வரலையா?"

"நீ என்னை மட்டும்தான் வரச் சொன்னதா அம்மா சொன்னா."

"ம்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாத்திரை, சாப்பாடு, கால் வலி எல்லாவற்றையும் விசாரித்தாள். வேலையைப் பற்றிச் சொன்னாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற ஒரு போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. அந்த மார்க்கு..." என்றார்.

"மார்க் தப்பில்லப்பா. நீங்க என்ன நினைச்சீங்களோ அதைத்தான் எழுதுனீங்க."

"இல்லம்மா, அவசரத்துல..."

"அதைப் படிச்சுட்டு இன்னும் மூணு வாரம் பொறுத்துப் பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டுகிற மாதிரிச் சொன்னாள். "அந்த மூணு வாரம் உங்க மேல கோவம் வரல. உங்களுக்குப் புரியலன்னுதான் நினைச்சுக்கிட்டேன். சரியாப் படிச்சிருக்க மாட்டார், வேலைல இருந்திருப்பார்னு. அப்படி நினைச்சாத்தான் அங்க இருக்க முடிஞ்சுது."

"வீட்டுக்கு வந்துடும்மா. உன் ரூம் அப்படியே இருக்கு."

"ஒண்ணு கேக்கட்டுமாப்பா?"

"கேளும்மா."

"படிக்கும்போது உங்களுக்கு ஒரு இடத்துல கூடத் தோணலையா? இது நான்தான்னு?"

தோணலை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். அவள் முகத்திலேயே அது தெரிந்தது. அதைச் சொன்னால் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தாலும் வந்துவிடுவாள். மெக்கானிக் வாயைத் திறந்தார். தரையில் கொட்டிய டப்பாக்களும், கவிழ்த்து வைத்த புத்தகமும், குடித்த தண்ணீரும் கண்முன் வந்தன. பதினைந்து வருஷமாக அவளிடம் பொய்யாக ஒரு மார்க் அவர் போட்டதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றி ஓய்ந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லாததே அவளுக்குப் பதிலாகிவிட்டது. பிறகு எழுந்து, நாற்காலியை மேஜையோடு சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே போனாள்.